காலேஜுக்கும் கொடுக்காதீங்க, கன்சல்டன்சிக்கும் கொடுக்காதீங்க

நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு. மகனுக்கு கவுன்சலிங்ல கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ் கெடைச்சிருக்கு, அடுத்த வாரம் ஹாஸ்டல்ல கொண்டு விடணும். காலேஜ்ல மார்க் ஷீட், சாதிச் சான்று, டிசி (பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்று) எல்லாம் ஒரிஜினலா கொடுங்க, நாலு வருஷம் எங்ககிட்டதான் இருக்கும்ங்கறாங்களாம். இன்னொரு பக்கம் மன்னார்குடியில கன்சல்டன்சி வச்சிருக்க ஒருத்தர், ஒரிஜினலும் 15,000 ரூபாயும் கொடுங்க, ஏழரை லட்சம் கல்விக்கடன் வாங்கித் தரேன்னு சொல்றாராம். யாருக்குக் கொடுக்குறதுன்னு கேள்வி.

ரெண்டு பேருக்குமே வேணாம் தம்பி. பேங்க்ல கல்விக்கடன் சீட்ல உக்காந்து ரிட்டயர் ஆனவன்ங்கற முறையில சொல்றேன்.

மொதல்ல காலேஜ். ஒரிஜினலை பாத்துட்டு அப்பவே திருப்பிக் கொடுத்துடணும், பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2018லயே சொல்லிடுச்சு, இன்ஜினியரிங் காலேஜுக்கெல்லாம் அனுமதி கொடுக்குற ஏஐசிடிஇயும் அதையேதான் சொல்லுது. ஆனா சொல்றதோட சரி, யாரு வந்து பாக்குறா? அட்மிஷன் கவுண்டர்ல இருக்க பொண்ணுகிட்ட சட்டம் பேசினா அது பாவம் என்ன பண்ணும், மேல சொன்னதை செய்யுது. அதனால சண்டை போடாதீங்க, ஒரிஜினலைக் காட்டுங்க, ரெண்டு செட் ஜெராக்ஸ்ல பையனை கையெழுத்துப் போட வச்சு கொடுங்க, இல்ல ஒரிஜினல்தான் வேணும்னா "வாங்கிக்கிட்டோம்னு லெட்டர் பேட்ல சீல் போட்டுக் கொடுங்க"ன்னு நிதானமா கேளுங்க. எழுதிக் கொடுக்கச் சொன்னாலே பாதி எடத்துல ஜெராக்ஸ் போதும்னு எறங்கி வந்துடுவாங்க. பாதியில நின்னா நாலு வருஷ பீஸையும் கட்டணும்னு சிலர் மெரட்டுவாங்க, அதுவும் செல்லாது. படிக்கிற அந்த செமஸ்டருக்கோ வருஷத்துக்கோதான் பீஸ் வாங்கலாம்.

இதுல டிசி மட்டும் வேற. நல்லா கவனிங்க, இங்கதான் எல்லாரும் கொழப்பிக்கிறாங்க. டிசிங்கறது பையன் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்துட்டான்னு அடுத்த எடத்துல காட்டுறதுக்குன்னே கொடுக்குற பேப்பர், அது சேர்ற காலேஜுக்குப் போய்த்தான் ஆகணும், அதைக் கேட்டா அநியாயம்னு கத்தாதீங்க. படிச்சு முடிக்கிறப்ப காலேஜ் புதுசா ஒரு டிசி கொடுக்கும், பள்ளிக்கூடத்து டிசி திரும்ப வராது. அதனால கொடுக்குறதுக்கு முன்னாடி முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் அஞ்சாறு ஜெராக்ஸ் எடுத்து வைங்க, பேரு, இனிஷியல், பொறந்த தேதி மார்க் ஷீட்டோட ஒத்துப்போகுதான்னு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. தப்பிருந்தா இப்பவே ஹெட்மாஸ்டர்கிட்ட போய் திருத்துங்க.

மார்க் ஷீட் அப்படி இல்ல, வாழ்நாள் முழுக்க வேணும். 2018 கஜா புயல்ல ஓடு பறந்து பீரோவுக்குள்ள தண்ணி எறங்கி, டூப்ளிகேட்டுக்கு அலைஞ்சவங்க வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்காங்க, அவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. லேமினேஷன் மட்டும் போட்டுடாதீங்க.

இப்ப கன்சல்டன்சி. அவரு செய்யுற வேலை என்னன்னா, பிஎம் வித்யாலட்சுமின்னு கல்விக்கடனுக்கு அரசாங்கம் வச்சிருக்க போர்ட்டல்ல ஒரு அப்ளிகேஷன் போடுறது. அதுக்குக் கட்டணமே கெடையாது! அதைவிட மோசம், ரிஜிஸ்டர் பண்றப்ப மொபைல் நம்பர் கட்டத்துல உங்க நம்பருக்குப் பதிலா தன் நம்பரைப் போட்டுக்குவாரு. அப்புறம் ஓடிபி அவருக்கு, பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜ் அவருக்கு, நீங்க உள்ள போய் பாக்கவே முடியாது, ஒவ்வொரு தடவையும் ஆயிரம் ரெண்டாயிரம் கொண்டு போய் நிக்கணும். எத்தனை பேரு என் மேஜைக்கு முன்னாடி வந்து "அவருகிட்ட கேட்டுத்தான் சார் சொல்லணும்"னு நின்னிருக்காங்க தெரியுமா, கடன் யாருக்கு சாமி?

பேங்க் பணம் உங்க கையிலயும் வராது, அவரு கையிலயும் வராது, வருஷா வருஷம் காலேஜ் அக்கவுண்டுக்குப் போகும். அதனால நடுவுல ஆளுக்கு வேலையே இல்ல. அடுத்து அதே ஆளு, "இந்தக் காலேஜை விடுங்க, மேனேஜ்மென்ட் கோட்டாவுல பெரிய காலேஜ் வாங்கித் தரேன்"னு வருவாரு. போனீங்கன்னா, உங்க பையன் வீட்டுல முதல் பட்டதாரியா இருந்தா அந்த பீஸ் சலுகை போச்சு, அது கவுன்சலிங்ல வந்த சீட்டுக்குத்தான். பேங்க்லயும் மேனேஜ்மென்ட் சீட்டுன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க.

நீங்களே பண்ணுங்க. அலாட்மெண்ட் ஆர்டர், நாலு வருஷத்துக்கும் பீஸ் எவ்வளவுன்னு காலேஜ் லெட்டர், மார்க் ஷீட் ஜெராக்ஸ், உங்க, பையன் ரெண்டு பேரோட ஆதார், பான், வருமானச் சான்று, இவ்வளவுதான். வருமானச் சான்று இ-சேவை மையத்துல 60 ரூபாய், 300 கேட்டா எழுந்து வந்துடுங்க. ஏழரை லட்சம் வரைக்கும் நெலம், வீடு அடமானம் கெடையாது, நாலு லட்சம் வரைக்கும் நீங்க கையிலேர்ந்து போட வேண்டியதும் இல்ல. ஆனா நீங்க சேர்ந்து கையெழுத்துப் போடுறதால உங்க சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்கா கட்டுனீங்களாங்கற மார்க்கைப் பாப்பாங்க, பயிர்க்கடனோ நகைக்கடனோ கெடு தாண்டி நிக்குதுன்னா மொதல்ல அதை மாத்தி வச்சுட்டுப் போங்க.

பேங்க் மேனேஜர், "சர்வர் இல்ல, திங்கக்கிழமை வாங்க, உங்க ஏரியா எங்களுக்கு வராது"ன்னு இழுப்பாரு. நானே அந்த நாற்காலியில இருந்தவன், கல்விக்கடன்னா ஏன் கசக்குதுன்னு எனக்குத் தெரியும், டார்கெட்டுக்கு ஒதவாது, வாராக்கடன் ஆனா பதில் சொல்லணும். ஏரியாவைச் சொல்லி கல்விக்கடனை மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்கு. போர்ட்டல்ல போட்ட அப்ளிகேஷன் நம்பரைக் காட்டி, "முடியாதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க சார்"னு கேளுங்க.

ஹாஸ்டல் பணம் லோன் வர்றதுக்குள்ள கட்டணும்னா, குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துல போட்டு காசு அக்கவுண்ட்ல ஏர்றவரைக்கும் ரெண்டு தவணையா வாங்கிக்கங்கன்னு காலேஜ்ல ஒரு லெட்டர் கொடுங்க, நெறைய எடத்துல ஒத்துக்குறாங்க. மீட்டர் வட்டிக்கு மட்டும் போயிடாதீங்க. போற அன்னிக்கு ஒரிஜினல் பைல் உங்க மடியில இருக்கட்டும், பஸ்ல மேல ரேக்குல வைக்காதீங்க, திரும்பி வர்றப்ப டிசியைத் தவிர மத்ததெல்லாம் உள்ள இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டு காலேஜ் கேட்டைத் தாண்டுங்க.