சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஒரு வருடமாக வேலைக்குப் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான். ராத்திரியெல்லாம் தூங்காமல் யாருக்கோ பதில் சொல்வதுபோல முணுமுணுக்கிறான். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கத்துகிறான். உறவினருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் நாங்கள் சொன்னதை வைத்து ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா அதைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் கொஞ்சம் அமைதியாகியிருக்கிறான். இப்படியே தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். அதற்காக நாளைக்கே நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். வீட்டில் ஒருவர் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்து, தம்பிக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மாவைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். வேறு வழி தெரியாத வீடுகளில் இது சகஜமாக நடக்கிறது. கொஞ்சம் பலன் தெரிந்திருப்பதால் நிறுத்தவும் மனம் வராது.

ஆனால் ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால்? தன்னைச் சுற்றிச் சதி நடக்கிறது என்ற அவருடைய எண்ணத்துக்கு இதுவரை ஆதாரம் எதுவும் இல்லை. அன்றைக்கு, அதுவும் அம்மா கையாலேயே, ஆதாரம் கிடைத்துவிடும். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் இந்த மாதிரி மனநோயில் அடிக்கடி வருவதுதான். அந்தப் பயம் வந்தவர்கள் வீட்டில் சமைத்ததைத் தொடாமல், தாங்களே பிரித்த பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் தின்று நாளைத் தள்ளுவார்கள். அப்புறம் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போக முடியாது.

இன்னொன்று பக்கவிளைவு. இந்த மாத்திரையால் சிலருக்குக் கை நடுங்கும், தாடை இறுகும், ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவர் டாக்டரிடம் சொல்வார், அளவை மாற்றிக்கொள்ளலாம். தெரியாதவர் எதிர்வீட்டுக்காரர் ஏதோ செய்துவிட்டார் என்றுதான் நினைப்பார். திடீரென்று கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டாலோ, கண்விழி மேலே செருகினாலோ பதறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகிவிடும். காய்ச்சலோடு உடம்பு விறைத்து, நினைவும் குழம்பினால் அது உயிருக்கு ஆபத்து. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதையும் அங்கே சொல்லியாக வேண்டும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்வது பிடிவாதம் அல்ல. தனக்கு நோய் இருப்பதை உணர முடியாமல் போவதே இந்த நோயின் ஒரு பகுதி. அவருக்குக் குரல் கேட்கும்போது, பேச்சைக் கையாளும் மூளைப் பகுதிகள் நிஜமாகவே வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை அந்தக் குரல் இருக்கிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலை சில இடங்களில் மிதமிஞ்சிப் போவதும் இதற்குப் பின்னால் இருக்கிறது. அதை மட்டுப்படுத்துவதுதான் ரிஸ்பெரிடோனின் வேலை. வளர்ப்பு சரியில்லை, செய்வினை என்ற பேச்சுகளை விட்டுவிடுங்கள்.

சரி, இது ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோயா? நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன், நேரில் பார்க்காமல் அந்த டாக்டரும் மாத்திரை எழுதியிருக்கக் கூடாது. ஒரு வருடமாக ஒதுங்கல், சந்தேகம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலோடு பேச்சு என்பதெல்லாம் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஆனால் கஞ்சா பழக்கத்திலும் இதே மாதிரி வரும். தூக்கமே தேவைப்படாத உற்சாகமோ ஆழ்ந்த சோர்வோ கூடவே இருந்தால் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் ஆணியடித்தாற்போல நின்று, மற்ற எல்லாவற்றிலும் ஆள் சரியாக இருந்தால் அது மருட்சி நோய், வேறு வகை. நிஜம் எது, பிரமை எது என்று பிரிக்க முடியாமல் போகும் நிலையை சைக்கோசிஸ் என்போம்; சில நாளில் வந்து ஒரு மாதத்துக்குள் முழுதாகப் போய்விடும் சைக்கோசிஸும் உண்டு. தைராய்டு, வலிப்பு, மூளை அழற்சி இவற்றையும் பார்த்து ஒதுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை எழுதினால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

கூட்டிப்போவதுதான் உங்கள் நிஜமான பிரச்சினை. முதல் விஷயம், வாதாடாதீர்கள். எதிர்வீட்டுக்காரரையே அழைத்துவந்து சத்தியம் செய்ய வைத்தாலும் சந்தேகம் போகாது. அதற்காக "ஆமாம், ஒட்டுத்தான் கேட்கிறார்கள்" என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் உனக்கு ராத்திரியெல்லாம் கேட்டால் எவ்வளவு பயமாக இருக்கும்" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. தனக்கு நோய் இல்லை என்றுதான் அவர் நினைக்கிறார், ஆனால் தூக்கம் இல்லை என்பது அவருக்கே தெரியும். அந்த வழியாகப் போங்கள்: "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்." அவர் யாருடைய பேச்சைக் கேட்பாரோ, அது சித்தப்பாவோ பள்ளி நண்பனோ, அந்த ஒருவர் மட்டும் பேசட்டும். நாலைந்து பேர் சூழ்ந்து உட்கார்ந்து புத்தி சொல்வது அவருடைய பயத்தைத்தான் கூட்டும். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று ஏமாற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் வேலை ஒரே ஒரு முறைதான் பலிக்கும்.

எதற்கும் மசியவில்லையா? 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். தன்னையோ பிறரையோ தாக்கினாலோ, அப்படி மிரட்டினாலோ, சாப்பிடாமல் குளிக்காமல் தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத ஆபத்தான நிலைக்குப் போனாலோ, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89-வது பிரிவில் அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்க வழி உண்டு. மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். சாவதைப் பற்றி நினைப்பு வருகிறதா, குரல்கள் ஏதாவது செய்யச் சொல்கின்றனவா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுக்க மாட்டேன். மாத்திரையும் சாமியும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதில்லை. ஆனால் "குணமாகும்வரை இங்கேயே விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இன்று எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஒருவேளை உறவில் யாராவது "ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று ஆரம்பித்திருப்பார்கள். ஆகாது. விஷயத்தை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவது இரண்டு பேருக்கும் செய்கிற துரோகம்.

சிகிச்சை தொடங்கியபின் மாத்திரை மறைக்க வேண்டிய பொருளாக இருக்காது. தினமும் விழுங்கப் பிடிக்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசிகள் இருக்கின்றன. இதை நாம்தான் கேட்க வேண்டியிருக்கும், பல இடங்களில் கடைசி ஆயுதமாகத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் தடவை வந்தவருக்கும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் மருந்து தேவைப்படும். "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று ஆறாவது மாதம் நிறுத்துகிற வீட்டில்தான் நோய் திரும்ப வருவது அதிகம். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அதற்கு முதல் சில மாதம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதால் பலர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போடுவதில்தான் நஷ்டம் அதிகம். பெரிய அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் வழக்கமான மருந்துகள் இலவசமாகவே கிடைக்கும்.

கடைசியாக ரசம். தம்பிக்குக் கொஞ்சம் தெளிவு வந்தபின் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லவே வேண்டாம் என்கிற டாக்டர்களும் உண்டு. அம்மா தனியாகச் சொல்ல வேண்டாம், டாக்டர் முன்னிலையில் சொல்லுங்கள். கோபப்படுவார், சில நாள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமலும் இருக்கலாம். அந்த நாட்களில் எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொள்ளுங்கள், மாத்திரையை அட்டையோடு அவர் கையிலேயே கொடுங்கள்.