காவேரி காப்பியிலும் துரு: தோட்டத்தைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்குக் கீழே நான்கு ஏக்கர் காப்பி இருக்கிறது. அப்பா காலத்து 795 ரகம் ஒரு ஏக்கர், மீதி காவேரி ரகம். இலைத் துரு நோய் வராத ரகம் என்று சொல்லித்தான் காவேரி வைத்தோம். போன ஐப்பசி மழைக்குப் பிறகு இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி. தை முடிவதற்குள் பாதிச் செடி வெறும் குச்சியாகிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு சந்திரகிரி ரகம் வைக்கலாமா ஐயா?

பதில்: பிடுங்க வேண்டாம் ஐயா. இலை கொட்டிய செடி செத்த செடி இல்லை. ஆனால் இந்த வருடக் கவனிப்பு முக்கியம். உங்கள் ரகங்கள் எல்லாம் அரபிகா காப்பிதான், அது போன வருடம் வளர்ந்த கிளையில்தான் காய்க்கும். இலை இல்லாத கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தால் அடுத்த மகசூலும் போய்விடும்.

முதலில் ரக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வியின் மையம் அதுதான். துருப் பூஞ்சை ஒரே வகை இல்லை. பார்வைக்கு எல்லாம் ஒரே ஆரஞ்சுப் பொடிதான், ஆனால் எந்த ரகத்தைத் தாக்க முடியும் என்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட 50க்கும் மேற்பட்ட இனங்களை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். கென்ட்ஸ் ரகம் வந்த புதிதில் நன்றாகத் தாங்கியது, பிறகு விழுந்தது. அதோடு லைபீரிக்கா என்ற வேறு காப்பி இனத்தின் ரத்தம் கலந்த ஒரு வகையைச் சேர்த்து உண்டாக்கியதுதான் உங்கள் அப்பா வைத்த 795. அதுவும் பல வருடம் நின்றது, இப்போது துரு வாங்குகிறது. காவேரி, திமோர் தீவில் அரபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து பிறந்த கலப்பினத்தின் வாரிசு. அதற்கும் இதே கதைதான். ஒரே எதிர்ப்புக் குணம் உள்ள செடி மலை முழுக்க நிற்கும்போது, அதைத் தாண்டத் தெரிந்த ஒரு பூஞ்சை வித்து முளைத்தால் போதும். அதற்குப் போட்டியே இல்லை, சாப்பாடு மட்டும் ஏக்கர் ஏக்கராக இருக்கிறது. 1869இல் இலங்கையில் துரு புகுந்தபோது எதிர்ப்பே இல்லாத அரபிகா தொடர்ச்சியாக நின்றதால்தான் அங்கே காப்பித் தொழிலே அழிந்து தேயிலை வந்தது.

2007இல் வந்த சந்திரகிரி நல்ல ரகம்தான், நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் அதன் எதிர்ப்பும் அதே திமோர் கலப்பினத்திலிருந்து வந்தது. நான்கு ஏக்கரையும் அதற்கே கொடுத்தால், பாரம் முழுவதையும் மறுபடி அதே வேரில் ஏற்றுகிறீர்கள். செத்த செடி, கிழட்டுச் செடி உள்ள இடங்களில் மட்டும் சந்திரகிரி வையுங்கள். மற்றதை இருப்பதிலிருந்தே தேற்றலாம்.

இப்போது செய்ய வேண்டியது: மிச்சப் பழத்தை எடுத்து முடித்ததும் காய்ந்த நுனிகளை வெட்டுங்கள். செடியின் நடுவைத் திறந்து, காற்று புகும்படி சிம்பு எடுங்கள். துரு வித்து முளைக்க இலையில் நீர்த்துளி நிற்க வேண்டும், சீக்கிரம் காய்கிற இலையில் அதற்கு வழியில்லை. நிழல் மரத்தைக் கழிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். சில்வர் ஓக்கை மொட்டையாக்கினால் வெயில் பட்ட தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு முட்டை வைக்கும். அது போதாதென்று, செடியும் சக்திக்கு மீறிக் காய்த்துத் தளரும். அளவுக்கு மீறிக் காய்த்த செடியைத்தான் துரு அதிகம் பிடிக்கிறது. உங்கள் தோட்டத்தில் குச்சியானவை போன வருடம் அப்படி அதிகமாகக் காய்த்த செடிகளா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து. வைகாசியில் ஒரு முறை, புரட்டாசியில் பெருமழை பிடிக்கும் முன் ஒரு முறை. நம் மலைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பதால், இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் புரட்டாசியை விடாதீர்கள். 200 லிட்டர் பீப்பாய்க்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுண்ணாம்பு 1 கிலோ. இரண்டையும் பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியாகக் கரைத்து, சுண்ணாம்பை வடிகட்டி, பிறகு கலக்க வேண்டும். சுத்தமான இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். அன்றைய கலவையை அன்றே அடித்து முடியுங்கள்.

பூஞ்சை நுழைவது இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாக. ஆள் நடந்துகொண்டே மேலே தூவிவிட்டுப் போனால் மருந்துக்குக் கொடுத்த காசு வீண். நாசிலைக் கீழிருந்து மேலே திருப்பி அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். போர்டோ வருமுன் காப்பது மட்டும்தான், உள்ளே போன பூஞ்சையைக் கொல்லாது. ஆவணியில் புது இலையில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் ஹெக்சகோனசோல் 5 சதவீத மருந்தை 200 லிட்டருக்கு 400 மில்லி கலந்து ஒரு முறை அடிக்கலாம். பழம் எடுப்பதற்கு முன் எத்தனை நாள் இடைவெளி என்று டப்பாவில் போட்டிருப்பதைக் கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் 795 ஏக்கரை அலட்சியமாக விடாதீர்கள். துரு அறவே வராத செடியைத் தேட வேண்டாம். வந்தும் புள்ளி பெரிதாகாமல், பொடி குறைவாக, இலையை உதிர்க்காமல் நிற்கிற செடியைத் தேடுங்கள். அந்த மாதிரி எதிர்ப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் சுலபத்தில் உடையாது. ஒரு வரிசைக்கு மருந்தே அடிக்காமல் விட்டு, மழை முடிந்ததும் அதில் பாருங்கள். நல்ல செடிக்குப் பெயின்ட் அடித்து வையுங்கள். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து தேறினால் அதுதான் தாய்ச்செடி. அரபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் நாற்று ஏறக்குறைய தாயைப் போலவே வரும். நன்றாகப் பழுத்ததைப் பறித்து, தண்ணீரில் மிதப்பதைக் கழித்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். குறித்து வைத்த செடிகளின் இலையைக் கொண்டுபோய் அங்கே காட்டுங்கள், சந்திரகிரி விதைக்கும் அங்கேயே கேளுங்கள்.