உள்ளே இல்லாத பெயரை வெளியே தேடும் எஸ்க்யூஎல்: சப்குவெரி சந்தேகங்கள்

கேள்வி: முடக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை மட்டும் அழிக்க இந்த எஸ்க்யூஎல் குவெரியை (டேட்டாபேஸுக்குத் தரும் கட்டளையை) ஓட்டினேன்.

டெலிட் ஃப்ரம் ஆர்டர்கள் வேர் வாடிக்கையாளர்_எண் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் முடக்கியவர்கள்)

ஆர்டர்கள் மொத்தமும் போய்விட்டன. அப்புறம் பார்த்தால், முடக்கியவர்கள் டேபிளில் அந்த நெடுவரிசையின் பெயர் வெறும் 'எண்'. இல்லாத பெயருக்கு எரர் வந்திருக்க வேண்டாமா?

பதில்: வராது. டேட்டாபேஸில் பிழை எதுவும் இல்லை. எஸ்க்யூஎல் விதியே அப்படித்தான். சப்குவெரிக்குள், அதாவது அடைப்புக்குள் இருக்கும் உள்குவெரிக்குள், டேபிள் பெயர் முன்னொட்டாக இல்லாமல் ஒரு பெயர் வந்தால், முதலில் அந்த சப்குவெரியின் ஃப்ரம் பகுதியில் உள்ள டேபிள்களில் தேடும். அங்கே இல்லையென்றால் ஒரு படி வெளியே வந்து தேடும். வெளியேயும் இல்லாவிட்டால்தான் எரர். உங்கள் குவெரியில் வாடிக்கையாளர்_எண் வெளியே, ஆர்டர்கள் டேபிளில் கிடைத்துவிட்டது. ஆக, ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர்_எண்ணும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டிருக்கிறது. எப்போதும் உண்மை, எல்லாம் அழிந்தது. வாடிக்கையாளர்_எண் நல் (மதிப்பே இல்லாதது) ஆக இருந்த ஆர்டர்கள் மட்டும் தப்பியிருக்கும், பாருங்கள்.

இது சோதனையில் சிக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. முடக்கியவர்கள் டேபிள் காலியாக இருந்தால் சப்குவெரி எதையும் தராது, ஒரு வரிசைகூட அழியாது. டெஸ்ட் டேட்டாபேஸில் அந்த டேபிள் காலியாக இருப்பது சகஜம். 'நாட் இன்' போட்டிருந்தால் கதை தலைகீழ்: உள்டேபிளில் ஒரு வரிசை இருந்தாலே போதும், எதுவுமே அழியாது. அந்த வகை இன்னும் மோசம். யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

டிரான்ஸாக்‌ஷன் (மொத்தமாக உறுதி செய்யும் அல்லது திரும்பப் பெறும் மாற்றங்களின் தொகுப்பு) இன்னும் திறந்திருந்தால் உடனே ரோல்பேக் கொடுத்து மாற்றங்களைத் திரும்பப் பெறுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட் இயல்பாகவே இயங்கும், ஒவ்வொரு கட்டளையும் உடனே நிரந்தரமாகிவிடும். நீங்களாக டிரான்ஸாக்‌ஷன் தொடங்காமல் ஓட்டியிருந்தால் பேக்கப்தான் வழி.

இனிமேல் சப்குவெரிக்குள் வரும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலியாஸ் (டேபிளுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) ஒட்டுங்கள்: (செலக்ட் மு.வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் முடக்கியவர்கள் மு). இப்போது வெளியே தேட வழியில்லை, ஓடும் முன்பே எரர் வரும். எஸ்க்யூஎல் சர்வரில் 207, ஆரக்கிளில் ஓஆர்ஏ-00904, மைஎஸ்க்யூஎல்லில் 1054, போஸ்ட்கிரெஸ்ஸில் 42703. அடைப்புக்குள் இருப்பதை மட்டும் தனியே ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. தனித்து நிற்க வேண்டிய சப்குவெரி தனியே ஓட மறுத்தால், அது வெளியிலிருந்து எதையோ இழுக்கிறது என்று பொருள். மைஎஸ்க்யூஎல் இதை வாய்விட்டே சொல்லும்: எக்ஸ்பிளெய்ன் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) ஓட்டிவிட்டு ஷோ வார்னிங்ஸ் கொடுத்தால், எந்தப் பெயர் எந்த செலக்டில் கண்டுபிடிக்கப்பட்டது என்று 1276ஆம் எண் குறிப்பு வரும்.

கேள்வி: தன் துறையின் சராசரியைவிட அதிகம் வாங்கும் ஊழியர்கள் வேண்டும். வேர் சம்பளம் > (செலக்ட் ஏவிஜி(சம்பளம்) ஃப்ரம் ஊழியர் வேர் துறை = துறை) என்று எழுதினேன். விடை துறைவாரியாக வரவில்லை.

பதில்: இரண்டு 'துறை'யும் உள்டேபிளின் துறைதான். உள்ளேயே கிடைத்துவிட்டதால் வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. துறை நல் ஆக இல்லாத எல்லா ஊழியர்களின் சராசரியும் ஒரே எண்ணாக வந்து, எல்லோரும் அதோடு ஒப்பிடப்பட்டிருக்கிறார்கள். ஊழியர்.துறை = ஊழியர்.துறை என்று எழுதினாலும் இதே கதி, ஏனென்றால் உள்ளே இருக்கும் 'ஊழியர்' வெளியே இருப்பதை மறைத்துவிடுகிறது.

வெளிடேபிளுக்கு வெ, உள்டேபிளுக்கு உ என்று அலியாஸ் வைத்து, உ.துறை = வெ.துறை என்று எழுதுங்கள். உள்ளே மட்டும் அலியாஸ் வைத்து உ.துறை = ஊழியர்.துறை என்றாலும் சரியாக ஓடும். ஆனால் உ.துறை = துறை என்று நிறுத்திவிட்டால் பழையபடிதான். அலியாஸ் வைத்தது டேபிளுக்கு, வெறும் 'துறை' இன்னமும் உள்ளேதான் முதலில் தேடப்படும்.

கேள்வி: சில சமயம் 'பெயர் தெளிவாக இல்லை' என்று எரர் வருகிறது, சில சமயம் அதே பெயர் பேசாமல் ஓடுகிறது. ஏன்?

பதில்: ஒரே மட்டத்தில் இருக்கும் இரண்டு டேபிள்களில் அந்தப் பெயர் இருந்தால்தான் குழப்பம் என்று எரர் வரும் (ஆரக்கிள் ஓஆர்ஏ-00918, எஸ்க்யூஎல் சர்வர் 209, மைஎஸ்க்யூஎல் 1052). உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் அது குழப்பமாகக் கருதப்படாது. அருகில் இருப்பது வெல்லும்.

இதன் விபரீதம் பின்னாளில் தெரியும். வெளியே உள்ள 'நிலை'யை நம்பி எழுதிய சப்குவெரி இரண்டு வருடம் ஒழுங்காக ஓடும். யாரோ உள்டேபிளில் 'நிலை' என்று புது நெடுவரிசை சேர்ப்பார். குவெரியில் ஓர் எழுத்துகூட மாறாமல் பொருள் மாறிவிடும். எரரும் வராது. போஸ்ட்கிரெஸ் வியூக்கள் (பெயர் வைத்துச் சேமித்த குவெரிகள்) இதிலிருந்து தப்பும். வியூவை உருவாக்கும்போதே பெயர்கள் தீர்க்கப்பட்டு அந்த வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன. அப்ளிகேஷன் கோடில் இருக்கும் குவெரிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: கி, ப என்று எல்லாம் அலியாஸ் போட்டுத்தான் எழுதினேன்: செலக்ட் கி.பெயர், (செலக்ட் சம்(கி.தொகை) ஃப்ரம் பில்கள் ப வேர் ப.கிளை = கி.எண்) ஃப்ரம் கிளைகள் கி. வெளிக்குவெரியில் குரூப் பை-யே (வரிசைகளைத் தொகுக்கும் பகுதி) கிடையாது. ஆனாலும் கி.பெயர் குரூப் பை-யில் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் திட்டுகிறது.

பதில்: ப.தொகை என்று எழுத நினைத்துக் கை தவறியிருக்கிறது. சம், கவுண்ட் போன்றவற்றின் உள்ளே இருப்பது முழுக்க வெளிடேபிளின் நெடுவரிசை என்றால், அந்தக் கூட்டல் அடைப்புக்குள் எழுதப்பட்டிருந்தாலும் வெளிக்குவெரியைச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்போது வெளிக்குவெரி முழுதும் ஒரே தொகுப்பாகிவிடுகிறது, கி.பெயருக்கு இடமில்லை. எரர் காட்டும் இடம் ஒன்று, தவறு இருக்கும் இடம் வேறு. ஒரே ஓர் எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும். முன்னொட்டே இல்லாமல் சம்(தொகை) என்று எழுதி, பில்கள் டேபிளில் அந்தப் பெயர் இல்லாமல் போனாலும் இதே எரர்தான்.

கேள்வி: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி 3 ஆர்டர் எடுக்க, ஃப்ரம் பகுதியில் சப்குவெரி வைத்து அதற்குள் வா.எண் (வா என்பது வாடிக்கையாளர் டேபிளின் அலியாஸ்) எழுதினால் ஏற்கவில்லை. வேர் பகுதியில் மட்டும் ஏற்கிறதே?

பதில்: ஃப்ரம் பகுதியில் நிற்கும் சப்குவெரிக்குப் பக்கத்து டேபிள் தெரியாது. தெரிய வைக்க அதன் முன்னால் லேட்டரல் என்ற சொல்லைச் சேருங்கள். போஸ்ட்கிரெஸ் 9.3, ஆரக்கிள் 12சி, மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் இது உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் கிராஸ் அப்ளை என்று பெயர். லேட்டரல் தனக்கு இடப்பக்கம் எழுதப்பட்ட டேபிள்களை மட்டுமே பார்க்கும் என்பதால் வாடிக்கையாளர் டேபிளை முதலில் எழுதுங்கள். ஆர்டரே போடாதவர்களும் பட்டியலில் வேண்டுமென்றால் லெஃப்ட் ஜாயின் லேட்டரல் … ஆன் ட்ரூ, அல்லது அவுட்டர் அப்ளை. ஆர்டர்கள் டேபிளில் (வாடிக்கையாளர்_எண், தேதி) மீது இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இல்லாவிட்டால் இது ஆமை வேகத்தில்தான் ஓடும்.

கேள்வி: ஸ்டோர்ட் புரொசீஜரின் (டேட்டாபேஸில் சேமித்து வைத்த நிரலின்) பாராமீட்டருக்கும், அதாவது அதற்குள் அனுப்பும் மதிப்புக்கும், நெடுவரிசைக்கும் ஒரே பெயர். வேர் எண் = எண் என்றால் எது எது?

பதில்: டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும். ஆரக்கிளில் நெடுவரிசை வெல்லும், இரண்டுமே நெடுவரிசை. மைஎஸ்க்யூஎல்லில் பாராமீட்டர் வெல்லும், இரண்டுமே பாராமீட்டர். விளைவு இரண்டிலும் ஒன்றே: நிபந்தனை இல்லாதது போல எல்லா வரிசைகளும் மாட்டும். போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மட்டும் 9.0 முதல் இயல்பாகவே எரர் கொடுத்து நிறுத்துகிறது. மூன்றில் அதுதான் யோக்கியமான வழி. பாராமீட்டர்களுக்கு 'பா_' என்பது போல ஒரு முன்னொட்டு வைத்துக்கொண்டால் எங்கேயும் தொல்லை இல்லை.

கேள்வி: எஸ்க்யூலைட்டில் நெடுவரிசைப் பெயரைத் தப்பாக எழுதியும் எரர் வரவில்லை. சப்குவெரிகூட இல்லை, சாதாரண செலக்ட்தான்.

பதில்: பெயரை இரட்டை மேற்கோளில் எழுதியிருப்பீர்கள். அப்படி ஒரு நெடுவரிசை எங்குமே இல்லையென்றால், எஸ்க்யூலைட் அதைச் சாதாரண எழுத்துச்சரமாக எடுத்துக்கொள்ளும். பழைய குவெரிகள் உடைந்துவிடக் கூடாதென்று விட்டுவைத்த வழக்கம் இது. மேற்கோளை எடுத்துவிட்டு ஓட்டினால் எரர் தானாக வரும்.