அடுப்படித் தெய்வங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியில் சிலர் இன்றும் பழைய ரோமத் தெய்வங்களுக்கு, வானத்து அரசன் யூப்பிட்டருக்கும் அடுப்புத் தெய்வமான வெஸ்டாவுக்கும், பூசை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறுந்துபோன மதம் அது. நம்பிக்கையைக் கைமாற்றித் தர ஒருவரும் மிஞ்சாதபோது, இவர்கள் செய்வது வேடம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ரோமர்களின் மதம் நம்பிக்கையை மையமாகக் கொண்டதல்ல. வேதநூல் இல்லை, இன்னதை நம்பு என்ற கட்டளையும் இல்லை. செய்யவேண்டியதைப் பிசகாமல் செய்யவேண்டும், அதுதான் பக்தி. அரசு வேண்டுதல்களில் ஒருவர் ஏட்டைப் பார்த்து முன்மொழிவார். சொல் தவறுகிறதா என்று இன்னொருவர் காவல் இருப்பார். வேறு சத்தம் காதில் விழாதபடி ஒருவர் குழல் ஊதுவார். மூத்த பிளினி என்ற ரோம எழுத்தாளர் இப்படி எழுதிவைத்திருக்கிறார். தோப்பில் மரம் வெட்டுமுன் பன்றியைப் பலிகொடுத்துச் சொல்லவேண்டிய வேண்டுதலை, கேட்டோ (Cato) என்ற ரோமர் தன் வேளாண்மை நூலில் தருகிறார். "நீ ஆண்தெய்வமோ பெண்தெய்வமோ" என்று அது தொடங்கும். அங்கே குடியிருப்பது யாரென்று தெரியாது, ஆனால் எப்படி அனுமதி கேட்பது என்று தெரியும்!

பழைய மதத்தைத் தடைசெய்த சட்டம்கூட அந்த வழிபாட்டைச் சொல்லிவைத்திருக்கிறது. 392 நவம்பரில் பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் வந்த சட்டம் அது. குடும்பக் காவலான லாரைத் தீயாலும், குடும்பத்தலைவரோடு பிறந்த தெய்வமான கீனியஸை மதுவாலும், வீட்டுச் சேமிப்பறையைக் காக்கும் பெனாட்டெஸை நறும்புகையாலும் வீட்டுக்குள் வைத்துக்கூட வழிபடக் கூடாது. விளக்கேற்றக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது. தூபம் போட்டது தெரிந்தால் வீடே பறிமுதல். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அடுக்களை விளக்கைக்கூட ஒரு பேரரசு விட்டுவைக்கவில்லை.

சரி, இன்று ஒருவர் ரோமர் நாட்காட்டியின் மூன்று முக்கிய நாட்களில், அதாவது மாதத்தின் முதல் நாளான காலெண்ட்ஸ், சில நாள் கழித்து வரும் நோன்ஸ், மாத நடுவில் வரும் ஐட்ஸ் அன்று, தன் வீட்டில் மாலை சாத்தி லாரை வணங்கினால், கேட்டோ தன் பண்ணைவீட்டுப் பெண்ணுக்குச் சொன்னதைத்தான் செய்கிறார். அதை வேடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் தயக்கம் பொதுவழிபாட்டைப் பற்றியது. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய நோவா ரோமா என்ற அமைப்பு, பழைய ரோமில் இருந்ததுபோலவே, கான்சல்கள் என்ற தலைமை ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தது, பூசாரிகளையும் நியமித்தது. ஆனால் வெஸ்டாவின் தீ ரோம் என்ற அரசின் அடுப்பு. முப்பது ஆண்டுகள் கன்னியராக இருந்து அதைக் காத்த பெண்களுக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. அந்த நாடு இல்லாமல் அந்தத் தீயை மூட்டுவது எப்படி? நாட்டையும் சேர்த்து மீட்கலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். 1920களில் இத்தாலியில் சிலர் முசோலினியின் ஆட்சி பழைய மதத்துக்குத் திரும்பவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவரோ 1929இல் வாடிகனோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆசையின் மிச்சம் இன்றும் சில குழுக்களில் ஒட்டியிருக்கிறது. அவர்களிடமிருந்து விலகியே நிற்பேன்.

எரிமலையில் புதைந்த பழைய ரோம நகரமான பொம்பேய்க்குப் போனால், வெட்டியர் (Vettii) என்ற குடும்பத்தாரின் வீட்டில் அடுக்களைப் பக்கம் கட்டாயம் போங்கள். சுவரில் ஒரு சிறு கோயில் தீட்டியிருக்கும். நடுவில் முக்காடிட்ட கீனியஸ், இரு பக்கமும் கொம்புக் கிண்ணம் ஏந்திய லார்கள், கீழே படையலை நோக்கி வரும் பாம்பு. கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.