நிறுத்திய வண்டி நகராமலிருக்க: கேள்வி பதில்

பல வருடமாக பிரேக் வேலை பார்க்கிறவன். நீங்கள் கேட்டவற்றுக்கு, கையில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஹேண்ட்பிரேக் போட்டால் போதாதா அண்ணா? கியரிலும் விட வேண்டுமா?

இரண்டும் வேண்டும். பத்து அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 1,200 கிலோ கார் நின்றால், ஏறக்குறைய 120 கிலோ கனம் அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி விட்டால் ஐந்தே விநாடியில் 10 மீட்டர் போய்விடும். ஹேண்ட்பிரேக் கேபிள் நாளாக ஆக நீளும், பிரேக் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) தேயும். கியரில் விட்டால் இன்ஜின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம், சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் கம்ப்ரஷனும் கசியும். அதை மட்டும் நம்பினால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துவிடும். முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள்.

ஆட்டோமேட்டிக் கார். சரிவில் நிறுத்திவிட்டு, கியர் லீவரை 'P' என்ற பார்க் நிலையிலிருந்து எடுத்தால் 'டக்'கென்று அடிக்கிறது. கியர்பாக்ஸ் போச்சா?

பயப்படாதீர்கள், வரிசை மாறிப் போடுகிறீர்கள். பார்க்கில் போட்டதும் உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுகிறது. ஹேண்ட்பிரேக்குக்கு முன்பே காலை எடுத்தால் வண்டியின் மொத்தக் கனமும் அந்த நாக்கின்மேல் சாயும். அதைப் பிடுங்கி எடுக்கும்போதுதான் அந்த 'டக்'. கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், அப்புறம் ஹேண்ட்பிரேக். காலை மெல்லத் தளர்த்தி, வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்காருகிறதா என்று பாருங்கள். மறுபடி மிதித்து பார்க்கில் போடுங்கள்.

இறங்குமுன் எந்தக் கியரில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் கார் கம்பெனி சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எந்தக் கியருக்குத் தள்ளினாலும் லீவர் பழைய இடத்துக்கே வந்து நிற்கும் அமைப்பு அது. பார்க்கில் விழுந்துவிட்டது என்று நம்பி இறங்கியவர்கள் மேலேயே வண்டி உருண்டது.

நீண்ட இறக்கம் இறங்கி வந்து நிறுத்தினேன். கால் மணி நேரம் நின்ற கார், அப்புறம் தானாக நகர்ந்தது. எப்படி?

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்காக இருக்கும். சூட்டில் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு) அதைக் கவ்வும் பேடும் விரிந்திருக்கும்போது பிடித்த பிடி, ஆற ஆறத் தளரும். எனக்கே நடந்தது. ஒரு காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஷெட் வாசல் சரிவில் வெறும் ஹேண்ட்பிரேக்கில் விட்டேன். உள்ளே போல்ட் தேடிக்கொண்டிருக்கும்போது டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம். திரும்பினால் கார் நடைவேகத்தில் பின்னால் போகிறது. சுவர்தான் தடுத்தது. அந்தச் சுவரோரம் சற்றுமுன் எங்கள் பையன் குனிந்து ஸ்பேனர் பொறுக்கிக்கொண்டிருந்தான். சரளைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது.

பிரேக் சூடாக இருந்தால் ஹேண்ட்பிரேக் லீவரை ஒரு பல் (ஒரு 'க்ளிக்') கூடுதலாக இழுங்கள், கியரில் விடுங்கள், பத்து நிமிடம் கழித்து வந்து மறுபடி இழுத்துப் பாருங்கள்.

ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும்?

இறக்கத்தைப் பார்த்து நின்றால் நடைபாதை விளிம்புப் பக்கம். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் விளிம்புக்கு எதிர்ப்பக்கம். பின்னால் சரிந்தாலும் டயர் விளிம்பில் முட்டி நிற்கும். விளிம்பே இல்லையென்றால் இரண்டுக்கும் சாலையோரம் பார்த்து.

பைக்?

மூக்கு மேட்டைப் பார்க்க, முதல் கியரில். பள்ளத்தைப் பார்த்து விட்டால் சைடு ஸ்டாண்டு மடங்கிக்கொள்ளும்.

ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் பஞ்சர் மாற்றும்போது ஜாக்கி சாய்ந்துவிட்டது.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். அதில் ஒன்றைத் தூக்கினால் பாதிப் பிடி போச்சு. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் கியரின் பிடியே இல்லை. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல், அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றவிடும். சமதளத்துக்குக் கொண்டுபோய், மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஜாக்கியைத் தொடுங்கள். உருண்டைக் கல் உதவாது, டயர் ஏறித் தாண்டிவிடும். சாய்வாக வெட்டிய மரக்கட்டை, டயரோடு ஒட்டி இருக்க வேண்டும்.

உருள ஆரம்பித்த வண்டியை ஓடிப்போய்ப் பிடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். முன்னால் நின்று தள்ளிப் பிடிக்கவும் கூடாது, கதவைத் திறந்து ஏறவும் கூடாது. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் சிக்கிக்கொள்வார். கத்துங்கள், வழியில் இருப்பவர்களை விலக்குங்கள். இடித்தால் இடிக்கட்டும், பம்பரை மாற்றிக்கொள்ளலாம்.