வாசகர் கேள்விகள்: வடதுருவத்துப் பனியை எடை போடுவது எப்படி?

(வடதுருவத்துக்கு அருகே நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் பனியாறுகளை அளக்கும் வேலை பார்த்த, நம் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாக்காரர், இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

வடதுருவத்தில் பனி உருகுகிறது என்கிறார்கள். எவ்வளவு உருகியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சாட்டிலைட் படம் பார்த்தால் போதாதா?
– ஒரு விவசாயி, வேலந்தாவளம்

சாட்டிலைட்டில் பனியாற்றின் நீள அகலம் தெரியும்ங்க. மேல்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதுகூடத் தெரியும். ஆனால் அது எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல, யாராவது மேலே ஏறிப் போய்ப் பனியை எடை போட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் இருந்தது நீ-ஓலசுண்ட் என்ற சின்னக் குடியிருப்பு. வடதுருவம் அங்கிருந்து சுமார் 1,200 கி.மீ. நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் அங்கே இருக்கிறது. பனியாற்றின் கீழ்முனையிலிருந்து மேடு வரை அங்கங்கே துளை போட்டு அலுமினியக் கம்பங்களை இறக்கிவிடுவோம். கோடை முடிந்து போய்ப் பார்த்தால், போன வருஷத்தைவிடக் கம்பம் எவ்வளவு கூடுதலாக வெளியே நிற்கிறதோ அவ்வளவு பனிக்கட்டி கரைந்திருக்கிறது. குளத்தில் தண்ணீர் இறங்கும்போது படியை எண்ணிச் சொல்வோமே, அதே கணக்குதான்.

குளிர்காலத்தில் புதிதாகச் சேர்ந்ததை அளப்பதுதான் கஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் மெல்லிய கம்பியைக் குத்தி ஆழம் பார்ப்போம். அடியில் பழைய பனிக்கட்டியில் முட்டுவது கைக்குத் தெரியும். ஆனால் ஸ்வால்பார்டில் நடுக் குளிர்காலத்திலும் சில நாள் மழை பெய்துவிடும். அந்தத் தண்ணீர் பனிக்கு நடுவே தகடாக உறைந்து கிடக்கும். கம்பி அதில் முட்டி நின்றாலும் அடி வந்துவிட்ட மாதிரியேதான் இருக்கும். அதனால் குழி வெட்ட வேண்டும். போன கோடையின் தளம் தெரியும்வரை வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாகக் குழாயைச் செருகிப் பனியை எடுத்து, வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம். ஒரு கன மீட்டர் புதுப்பனி 100 கிலோகூட இருக்காது. காற்றில் இறுகிய பனி 350, 400 கிலோ வரும். பனிக்கட்டி என்றால் 900 கிலோ. இப்போது புரிந்திருக்கும், 'ஒரு மீட்டர் பனி' என்று மட்டும் சொன்னால் அதில் ஒரு தகவலும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்தவன் நான், எனக்கே அந்தக் காற்று தாங்க முடியாது. தராசு முள் ஒரு இடத்தில் நிற்காது. குழிக்குள் உட்கார்ந்து முதுகால் காற்றை மறைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். எழுதுவது பென்சிலில். பேனா அந்தக் குளிரில் எழுதாது.

பக்கத்தில் ஆஸ்ட்ரே ப்ரோகர்பிரீன் என்றொரு பனியாறு. நார்வேக்காரர்கள் 1967 முதல் அதை இப்படித் தொடர்ந்து அளக்கிறார்கள். அநேகமாக எல்லா வருஷமும் சேர்ந்ததைவிடக் கரைந்ததுதான் அதிகம். என்னைக் கேட்டால், எந்தப் புதுக் கருவியையும்விட அந்த வருஷ வரிசைதான் பெரிய சொத்து. ஒரே ஒரு கோடையை அளந்துவிட்டு காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தெர்மாமீட்டரே இல்லாத காலத்தில் எவ்வளவு குளிர் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் சார்?
– பிளஸ் டூ மாணவி, கொழிஞ்சாம்பாறை

தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் அணுக்களில் சாதாரணமானதன் எடை எண் 16. கொஞ்சம் கனமானது 18. மேகம் துருவத்தை நோக்கிப் போகப் போகக் குளிர்ந்து, கனமானதை முதலில் கொட்டிவிடும். எவ்வளவு குளிரோ, கடைசியில் விழும் பனியில் 18 அவ்வளவு குறைவு. பனிக்கட்டியை நீளமான உருளையாகக் குடைந்தெடுத்து, அடுக்கடுக்காக இந்த விகிதத்தைப் பார்ப்பார்கள். வடக்கு கிரீன்லாந்தில் 2003-ல் 3,085 மீட்டர் ஆழத்தில் அடிப்பாறையையே தொட்டார்கள். அங்கே இருந்த பனிக்கட்டிக்கு வயது ஒரு லட்சத்துக்கும் மேல்!

ஸ்வால்பார்டு அவ்வளவு சுலபமாகப் பேசாதும்மா. கோடையில் உருகிய தண்ணீர் கீழே இறங்கி வருஷ அடுக்குகளைக் கலைத்துவிடும். அதனால் தேதி தெரிந்த அடையாளங்களைத் தேடுவார்கள்: 1783-ல் ஐஸ்லாந்தின் லாகி எரிமலை கக்கிய கந்தகம், 1963 வாக்கில் படிந்த அணுகுண்டு சோதனைக் கதிரியக்கம். இவை இரண்டும் கிடைத்தால் நடுவிலுள்ள வருஷங்களைப் பிரித்துக் கணக்குப் போடலாம்.

எனக்குப் பிடித்தது ஏரிச் சேறு. பனியாறு பாறையை அரைத்து மாவாக்கிக் கீழே உள்ள ஏரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பனியாறு பெரிதாக இருந்தால் ஏரியடியில் சாம்பல் நிற மாவு அதிகம். அது சுருங்கிப் போனால் பாசியும் செடியும் மக்கிய கறுப்புச் சேறு. ஏரி உறைந்திருக்கும்போதே மேலே நின்று துளைபோட்டுக் குழாயை இறக்கி எடுக்கலாம். சேற்றில் சிக்கிய பாசித் துணுக்கைக் கார்பன் முறையில் பரிசோதித்தால் வயது தெரிந்துவிடும். சுமார் 10,000 வருஷத்துக்கு முன் ஸ்வால்பார்டு கோடை இதமாக இருந்ததும், பல சிறிய பனியாறுகள் இல்லாமலே போய்ப் பிறகு மறுபடி வளர்ந்ததும் இப்படித் தெரிந்த செய்திதான். அது பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெதுவாக மாறியதால் வந்த வெப்பம். இப்போதைய வேகத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

பனிக்கரடி வரும் என்கிறார்களே, பயமில்லையா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

வரும். குடியிருப்பைத் தாண்டினால் கையில் துப்பாக்கி வேண்டும். சுடப் பழகியவர் ஒருவராவது கூட இல்லாமல் வெளியே விட மாட்டார்கள். நாங்கள் குழி வெட்டும்போது ஒருவர் வெட்டாமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆனால் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. முதலில் வெளிச்ச வெடி போட்டு விரட்டத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் பிள்ளைகளை இந்தத் துறைக்கு எப்படித் தயார் செய்வது?
– பள்ளி ஆசிரியை, மீனாட்சிபுரம்

டீச்சர், இயற்பியலோ புவியியலோ படித்துவிட்டு, கோவாவில் வாஸ்கோட காமா ஊரிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் முயற்சி பண்ணலாம். அது அப்புறம். முதலில் பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். நம் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. பாலக்காடு டவுனில் பெய்த கணக்கு உங்களுக்கு உதவாது. வானிலைத் துறை மாதிரியே தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளில் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, 0 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் மழை பெய்யவில்லையா, பார்க்க ஆள் வரவில்லையா என்று பின்னால் புரட்டுகிறவருக்குத் தெரியாது. லீவு நாளில் யார் முறை என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.