1740 வாக்கில் வந்த ஐரிஷ் விவசாயி: பூர்வீகத்தை எங்கே தேடுவது?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவர் முன்னோர்கள் பென்சில்வேனியா மாநிலம் ஃபிராங்க்ளின் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்தவர்கள். "1740 வாக்கில் அயர்லாந்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கப்பலேறி வந்தார்கள், மூத்தவர் வில்லியம்" என்பது வீட்டுப் பேச்சு. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை பிடித்துவிட்டேன். கப்பல் பட்டியல்களில் ஒரு வருடமாகத் தேடியும் வில்லியம் கிடைக்கவில்லை. அயர்லாந்தில் எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் கப்பல் பட்டியல்களை மூடி வையுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் கொடுப்பது கட்டாயமானதே 1820-இல்தான். பிலடெல்பியாவில் 1727 முதல் ஜெர்மானியர்களுக்குப் பட்டியல் உண்டு. வேற்று அரசின் குடிகள் என்பதால் அவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. அயர்லாந்துக்காரர் பிரிட்டிஷ் மன்னரின் குடி. அவரை யாரும் பிரமாணம் கேட்கவில்லை, பெயரும் எழுதவில்லை. குடியுரிமை மனு இல்லாததற்கும் இதே காரணம்தான். ஒரு விதிவிலக்கு: கப்பல் கட்டணத்துக்கு ஈடாக ஒப்பந்தக் கூலியாக வந்திருந்தால், பிலடெல்பியா மேயர் முன்னால் பதிவான 1745–46, 1771–73 பதிவேடுகள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

மூன்று சகோதரர் கதையை நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். அமெரிக்காவில் ஏகப்பட்ட குடும்பங்கள் இதே கதையைச் சொல்கின்றன.

1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. 1850 பட்டியலிலும் "உறவுமுறை" என்ற கட்டம் கிடையாது, அது 1880-இல்தான் வந்தது. ஒரே வீட்டில் இருக்கும் சிறுவனை மகன் என்று எழுதி வைத்திருந்தால் அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். உடன்பிறந்தவரின் மகனாகவோ வேலைக்கு வைத்த அநாதைப் பையனாகவோ இருக்கலாம்.

இனி நிலம். விவசாயி கடிதம் எழுதாமல் இருந்திருப்பான், வரி கட்டாமலும் எல்லை அளக்காமலும் இருந்திருக்க முடியாது. ஆனால் எந்த அலுவலகம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபிராங்க்ளின் கவுண்டி 1784-இல் கம்பர்லாண்டிலிருந்து பிரிந்தது. கம்பர்லாண்ட் 1750-இல் லங்காஸ்டரிலிருந்து. லங்காஸ்டர் 1729-இல் செஸ்டரிலிருந்து. வில்லியம் ஒரே வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய 1745 காகிதம் லங்காஸ்டரிலும், 1760 காகிதம் கம்பர்லாண்டின் தலைநகரான கார்லைலிலும், 1790 காகிதம் ஃபிராங்க்ளினின் தலைநகரான சேம்பர்ஸ்பர்கிலும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "குடும்பம் மூன்று முறை இடம் பெயர்ந்தது" என்று எழுதிய வம்சாவளிகள் இணையத்தில் நிறைய.

இன்னொன்று, முதல் நிலம் கவுண்டி பத்திரப் பதிவேட்டில் இருக்காது. அது அன்று பென்சில்வேனியாவுக்கே உடைமையாளர்களாக இருந்த பென் குடும்பத்தின் நில அலுவலகத்திலிருந்து நேராக வந்தது. அந்த ஆவணங்கள் ஹாரிஸ்பர்கிலுள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான்கு படிகள்: நிலம் கேட்டுப் பெறும் வாரண்ட் (நிலத்தை அளக்கச் சொல்லும் உத்தரவு), சர்வே, சர்வே அறிக்கை, கடைசியில் பட்டா. சஸ்குவெஹன்னா ஆற்றுக்கு மேற்கே உங்கள் பகுதியைப் பழங்குடி மக்களிடமிருந்து பென் குடும்பம் வாங்கியது 1736-இல். அதற்குப் பிறகும் பலர் வாரண்ட் இல்லாமலே உழுது, வருடங்கள் கழித்து விண்ணப்பித்தார்கள். ஆகவே வாரண்ட் தேதி வந்து இறங்கிய தேதி ஆகாது. பட்டா இன்னும் தாமதமாக, பேரன் காலத்தில்கூட வாங்கப்பட்டிருக்கும். தாமதம் உங்களுக்கு லாபம்: நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மூலப் பத்திரம் முதல் வாரிசுகள் வரை அந்தப் பட்டாவிலேயே வரிசையாகச் சொல்லியிருப்பார்கள்.

சர்வே கிடைத்ததும் வரைந்து பாருங்கள். வாசகம் இப்படிப் போகும்: "கொனோகொச்சீக் ஓடைக் கரையில் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்காக 160 பெர்ச் சென்று ஹிக்கரி மரம், அங்கிருந்து இன்னாருடைய நிலத்தை ஒட்டி..." ஒரு பெர்ச் பதினாறரை அடி. 160 பெர்ச் 2,640 அடி, சரியாக அரை மைல். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 வரைபடத்தில் இது 3.35 சென்டிமீட்டர். கோணமானியும் அளவுகோலும் போதும். டிரேசிங் தாளில் வரைந்து ஓடையின் வளைவோடு பொருத்துங்கள். திசை காந்த ஊசியில் எடுத்தது, அதனால் படம் சில பாகை திரும்பித்தான் உட்காரும். சாலைக்கென 6 சதவீதம் சேர்த்து அளப்பது அங்கே வழக்கம் என்பதால் ஏக்கர் கணக்கு கொஞ்சம் மிகும். கடைசிக் கோடு தொடங்கிய மரத்துக்குத் திரும்பாமல் அந்தரத்தில் நின்றால், நகல் எடுத்தவர் ஒரு கோட்டை விட்டிருப்பார், அல்லது வடக்கைத் தெற்கு என்று எழுதியிருப்பார். அதே நிலத்தின் அடுத்த விற்பனைப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்த "இன்னார்" யார் என்று தெரிய. நம் பத்திரத்தில் செக்குபந்தி இருப்பது போல அங்கேயும் நாலா பக்கத்து நிலக்காரர்கள் பெயரும் இருக்கும். அயர்லாந்தின் வடக்கிலுள்ள அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்தவர்கள் உறவும் சபையுமாகக் கூட்டமாகவே குடியேறினார்கள். எல்லைக்காரர்கள், பத்திரத்தின் சாட்சிகள், உயிலை நிறைவேற்றியவர்கள், சொத்தை மதிப்பிட்டவர்கள் எல்லோரையும் ஒரே தாளில் எழுதுங்கள். வில்லியம் தன் ஊரைச் சொல்லாமல் போயிருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரரின் கல்லறையிலோ உயிலிலோ ஊர் பெயர் இருந்துவிடும்.

அடுத்து வரிப் பட்டியல்கள். வருடம் விடாமல் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்ப்பது வீண். "ஃப்ரீமேன்" என்றிருந்தால் 21 வயது கடந்த மணமாகாத ஆண். "இன்மேட்" என்றிருந்தால் பதற வேண்டாம், சிறைக் கைதி இல்லை. சொந்த நிலமில்லாத குடும்பஸ்தர். ஒருவர் ஃப்ரீமேன் வரிசையிலிருந்து இன்மேட் வரிசைக்கு மாறிய வருடம் ஏறக்குறைய கல்யாண வருடம். 200 ஏக்கர் வைத்திருந்தவர் திடீரென 120 ஆகி, அதே குடும்பப் பெயரில் இன்னொருவர் 80 ஏக்கரோடு தோன்றினால் மகனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு வில்லியம்கள் நிச்சயம் வருவார்கள். முதல் பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் பேரனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் வைப்பது அவர்களிடமும் பரவலான வழக்கம். "சீனியர்", "ஜூனியர்" என்பதை அப்பன், மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊரில் மூத்தவர், இளையவர் என்பதுதான் அன்றைய பொருள், மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். மனைவி பெயர், ஓடைப் பெயர், கையெழுத்தா தற்குறியா என்ற மூன்றையும் வைத்துப் பிரியுங்கள்.

உயில் இல்லாமல் இறந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். உயிலில் ஏற்கெனவே பங்கு வாங்கிய மகனை விட்டுவிடுவார்கள். உயில் இல்லாத சொத்து ஆர்ஃபன்ஸ் கோர்ட்டுக்கு (பெயர் "அநாதைகள் நீதிமன்றம்", வேலை இறந்தவர் சொத்தைப் பிரிப்பது) போகும். நிலத்தைத் துண்டாக்கினால் கெட்டுவிடும் என்று ஒரு வாரிசுக்கே கொடுத்து, மற்றவர்களுக்குப் பணம் கட்டச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பில் மகள்களும் அவர்கள் கணவர்மாரும்கூடப் பெயரோடு இருப்பார்கள். மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்ற சட்டம் 1794 வரை இருந்ததால் மூத்தவர் யார் என்பதும் தெரியும். தாய் உயிரோடு இருந்தாலும் அப்பா இல்லாத பிள்ளை "ஆர்ஃபன்"தான். தேதியில் ஒரு கண்ணி உண்டு: 1752-க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. அக்டோபர் 1741-இல் எழுதிய உயில் பிப்ரவரி 1741-இல் நிரூபிக்கப்பட்டதாக இருந்தால் பிழை இல்லை; நம் கணக்கில் அது 1742.

தேடுவதற்கு ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். அதன் முழு உரைத் தேடலில் கையெழுத்துப் பத்திரங்களுக்குள்ளேயே தேடலாம். குடும்பப் பெயரை மட்டும் போட்டால் குப்பை கொட்டும். அண்டை நிலக்காரர் பெயரையும் ஓடைப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரில் யாராவது போயிருந்தால் 1832 ஓய்வூதிய மனுவை விடாதீர்கள். எங்கே பிறந்தேன், எங்கெல்லாம் வாழ்ந்தேன் என்று நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுத்திருப்பார்கள். குடும்பம் பிரஸ்பிடேரியன் (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவு) என்றால் சபைக் குறிப்புகளுக்கு பிலடெல்பியாவிலுள்ள பிரஸ்பிடேரியன் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள்.

அயர்லாந்துக்கு அவசரப்பட்டுத் தாவ வேண்டாம். ஃபிராங்க்ளின் கவுண்டியில் ஆன்ட்ரிம், லெட்டர்கென்னி, லர்கன் என்று அயர்லாந்து இடங்களின் பெயரில் டவுன்ஷிப்கள் (கவுண்டியின் உட்பிரிவுகள்) இருப்பதால் உங்கள் குடும்பமும் அங்கிருந்தே வந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெயர் வைத்தவர் ஒருவர், பிறகு குடியேறியவர்கள் பலர். அயர்லாந்தில் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் (மிகச் சிறிய நிலப் பிரிவுகள்). குறைந்தது பங்கின் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்ப்பகுதி) பெயராவது கையில் இல்லாமல் தேடவே முடியாது. 1922-இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது பழைய உயில்களும் அரசு சார்ந்த திருச்சபையின் பதிவேடுகளும் பெருமளவு போய்விட்டன. உங்கள் காலத்துக்கு உதவக்கூடியவை: 1740 புராட்டஸ்டன்ட் வீட்டுக்காரர் பட்டியலின் எஞ்சிய பகுதிகள், 1708 முதல் இயங்கும் டப்ளின் பத்திரப் பதிவகம், பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்திலுள்ள ஜமீன் காகிதங்கள். ஜமீன் காகிதத்தில் மூன்று பேர் ஆயுள் வரைக்குமான குத்தகை கிடைத்தால் அது புதையல். அந்த மூன்று பெயரில் பெரும்பாலும் குத்தகைதாரரின் பிள்ளைகள் இருப்பார்கள். 1740 பட்டியலில் ஒரு வில்லியம் இருப்பது மட்டும் ஆதாரமில்லை. உங்கள் தாளிலுள்ள எல்லைக்காரர்களில் இரண்டு மூன்று குடும்பப் பெயர்களாவது அதே பங்கில் சேர்ந்து வர வேண்டும்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்வதானால் சாதாரணப் பரிசோதனை போதாது. எட்டுத் தலைமுறைக்கு முந்தைய 256 பேரில் வில்லியம் ஒருவர். அவர் பங்கு சராசரியாக 0.4 சதவீதம்தான், ஒன்றுமே வராமலும் போகலாம். அப்பாவழியில் மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோம் பரிசோதனையை, 37 குறிகளுக்காவது, உங்கள் கணவர் செய்யட்டும். குடும்பப் பெயர் இடையில் தாய்வழியாக வந்திருந்தால் இதுவும் பயன்படாது; ஆகவே காகிதத்தில் வில்லியம் வரை கோடு இணைந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.